கீழே இருக்கும் எண்

மே மாதம் தேர்வு முடிவு வரும் நாளில் மாணவர்களுக்கு மதிப்பெண் வருகிறது, மாவட்டங்களுக்கு இடம் வருகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்பது மதியத்துக்குள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கும். பொதுத்தேர்வில் மாணவர்களுக்கு மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கைதட்டுவதும், அந்தக் கைதட்டல் கிடைக்காதவர்களை வாடவிடுவதும் போதும் என்று நினைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் மாவட்டங்களின் வரிசை மட்டும் அப்படியே தொடர்கிறது.

2024 பத்தாம் வகுப்புத் தேர்வை எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் தேர்ச்சி 91.55 விழுக்காடு. முதலிடம் அரியலூர், 97.31. கடைசி வேலூர், 82.07. என் மாவட்டமான காஞ்சிபுரம் மாநில சராசரிக்குக் கீழே. நான் ராஜகுளத்துக்காரன். காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமப்புறம், உத்திரமேரூர் தொகுதி. மென்பொருள் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. மகளுக்கு ஐந்து வயது முடிந்து பள்ளியில் சேர்க்க வேண்டிய நேரம் வந்தபோது, "இந்த மாவட்டத்துலயா படிக்கவைக்கப் போற?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருமே பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டாக வேண்டும். ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிடும்போது நாம் எதை ஒப்பிடுகிறோம்? அந்த ஒப்பீடு பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறதா, கெட்டது செய்கிறதா?

*

இந்த ஒப்பீட்டை வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்ட நாடு அமெரிக்கா. டல்லாஸ் புறநகரில் வீடு தேடிய என் கல்லூரி நண்பன் போனில் புலம்பினான்: "மச்சான், ஸ்கூலுக்கு மார்க் எட்டுக்கு மேல இருந்தா வீட்டு விலை நம்ம கைக்கு எட்டாது. கைக்கு எட்டுற விலைன்னா ஸ்கூல் மார்க் அஞ்சு." வீடு தேடும் ஜில்லோ தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் பக்கத்துப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டிருக்கும். அந்த மதிப்பெண்ணைத் தருவது கிரேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு. பள்ளி மாவட்டங்களின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் வீட்டுவரியிலிருந்து வருவது. அதனால் பள்ளி நன்றாக இருந்தால் வீட்டு விலை ஏறும், வீட்டு விலை ஏறினால் பள்ளிக்குப் பணம் வரும், பணம் உள்ளவர்கள் மட்டும் அங்கே குடிவருவார்கள்.

சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் பாஸ்டன் புறநகர்களில் ஒரு கெட்டிக்காரத்தனமான ஆய்வைச் செய்தார். பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். சுற்றுப்புறம் ஒன்றுதான், பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு கோட்டைத் தாண்டுவதற்கான விலை அது.

அப்படிக் கொடுக்கும் காசுக்கு நல்ல பள்ளிதான் கிடைக்கிறதா? ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமுள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரு மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் அங்குள்ள குடும்பங்களின் வசதியை ஒட்டியே போகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் வளர்கிறது என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. சராசரியில் பின்தங்கிய, ஏழைகள் நிறைந்த சிகாகோவில், அந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகள் ஆறு ஆண்டுப் படிப்பின் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். நின்ற இடம் தாழ்வு, நடந்த தூரம் அதிகம். பத்துக்கு எட்டு என்று போடும் மதிப்பெண், பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பள்ளி என்ன செய்தது என்பதைக் குறைவாகவே சொல்கிறது.

நம்மூர்ப் பட்டியலும் இப்படித்தான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இங்கே கதை தலைகீழ். தலா வருமானத்தில் மாநிலத்தின் முன்வரிசையில் இருப்பவை காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் இந்தப் பக்கம்தான். 2024 பத்தாம் வகுப்பில் இந்த மூன்று மாவட்டங்களுமே மாநில சராசரிக்குக் கீழே. முதல் மூன்று இடம் அரியலூருக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லிப் பழகிய மாவட்டங்கள்.

ஓய்வுபெற்ற அரசுப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் எனக்கு அத்தை முறை. அவரிடம் இதைக் கேட்டேன். "அங்க புள்ளைங்களுக்குப் பரீட்சைய விட்டா வேற வழி கிடையாதுப்பா. இங்க பத்தாவது முடிக்கலைன்னாலும் காலைல கம்பெனி பஸ்சு ஊருக்குள்ள வந்து நிக்குது" என்றார். நிரூபிக்கப்பட்ட காரணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுகள் வருகைப்பதிவேட்டைப் பார்த்த ஒருவரின் சொல் அது. அந்த பஸ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இங்கே அனுபவம் உண்டு. பன்னிரண்டாவது முடித்த இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, திறந்த எட்டாண்டுகளில், 2014-இல், உற்பத்தியை நிறுத்தியது.

ஆக, நம் பட்டியல் வசதியை அளக்கவில்லை. அப்படியென்றால் எதை அளக்கிறது?

*

தேர்ச்சி விழுக்காடு ஒரு பின்னம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே தேர்ச்சி பெற்றவர்கள். கீழே தேர்வு எழுதியவர்கள். எல்லார் கண்ணும் மேலே இருக்கும் எண்ணில்தான். கதை நடப்பது கீழே.

2020, 2021 இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் தேர்ச்சி 100 விழுக்காடு. பள்ளிகள் பூட்டிக்கிடந்த கொரோனாக் காலம். பொதுத்தேர்வு ரத்தாகி எல்லாரும் தேர்ச்சி. அந்த முடிவைக் குறைசொல்லவில்லை, வேறு எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் தேர்ச்சி விழுக்காடுதான் கல்வியின் அளவு என்றால், நம் வரலாற்றிலேயே பிள்ளைகள் மிக நன்றாகப் படித்த காலம் வகுப்பறையே இல்லாத காலம்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

2021-இல் அப்படித் தேர்ச்சி பெற்றவர்கள் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தார்கள். வந்தார்களா? மார்ச் 13, முதல் நாள், தமிழ்த் தேர்வு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வறைக்கு வரவில்லை. இரண்டொரு வாரம் செய்திகளில் அடிபட்டது. அவர்களில் பலர் பள்ளிக்கு வருவதையே எப்போதோ நிறுத்தியவர்கள், பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. சிலர் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்திருந்தார்கள். மே மாதம் முடிவு வந்தது. எழுதியவர்கள் 8,03,385 பேர். தேர்ச்சி 7,55,451 பேர். 94.03 விழுக்காடு. விருதுநகர் முதலிடம். இனிப்பு கொடுத்தார்கள்.

அந்த ஐம்பதாயிரம் பேரைக் கீழே சேர்த்து வகுத்துப் பாருங்கள். 94 என்பது 88 சொச்சமாகிவிடும். துல்லியமான எண் அல்ல, வேறு படிப்புக்குப் போனவர்களைக் கழிக்க வேண்டும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்களைப் பிரிப்பது பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த அரை விழுக்காட்டுக்கு விளக்கம் கேட்கிறோம். ஆறு விழுக்காட்டைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மாவட்டம் என்பதும் நிலையாக நிற்கும் பொருள் அல்ல. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரம் பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்களின் பள்ளிகள் காஞ்சிபுரத்தின் கணக்கிலிருந்து போயின. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமப்பள்ளிகளின் எடை காஞ்சிபுரத்தில் கூடியது. "முன்னைவிட எத்தனையாவது இடம்?" என்று கேட்கும்போது நாம் வேறு வேறு இரண்டு காஞ்சிபுரங்களை ஒப்பிடுகிறோம்.

*

காஞ்சிபுரத்துக்கு இந்தக் 'கீழே இருக்கும் எண்' புதிய விஷயம் அல்ல. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரத் தறிகளும் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குழியில் உட்கார்ந்த பிள்ளைகள் எந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை. அவர்கள் எழுதவே இல்லை. அவர்களால் மாவட்டத்தின் தேர்ச்சி விழுக்காட்டில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

அந்த நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மாறியதற்குப் பல பேர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் முழுக்க மாறவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் குழந்தைகள் எந்தப் பள்ளியின் பின்னத்தில் இருந்தார்கள்? செங்கல் சூளைக்கு ஆறு மாதம் வந்துவிட்டுத் திரும்பும் குடும்பத்தின் பிள்ளை எந்த மாவட்டத்தின் கணக்கு?

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எண்ணில் இல்லாத பிள்ளை யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. சங்கடப்படுத்துவது, திரும்பி வரும் பிள்ளைதான்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் 40 பேர் எழுதி 38 பேர் தேர்ச்சி, 95 விழுக்காடு. ஒன்பதாவதில் அவர்களோடு 45 பேர் இருந்தார்கள், ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பையன் நவம்பர் மாதம் வந்து நிற்கிறான். "சார், திரும்பச் சேத்துக்கோங்க." அவன் தேறுவது சந்தேகம். சேர்த்து, அவன் தோற்றால், 41-க்கு 38. பள்ளி 93-க்கும் கீழே இறங்கிவிடும். சேர்க்காவிட்டால் 95 அப்படியே இருக்கும். தலைமையாசிரியர் நல்லவராக இருந்தால் சேர்த்துக்கொள்வார், அடுத்த ஆண்டு கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்வார். அவ்வளவு நல்லவராக இல்லாவிட்டால், "நீ தனித்தேர்வரா எழுதிக்கோப்பா" என்பார்.

சரியான காரியத்தைச் செய்தால் குறைகிற எண் எதுவோ, அது மெல்ல மெல்ல எல்லாருக்கும் தப்பான காரியத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். கெட்டவர்களுக்கு மட்டுமல்ல, களைத்துப்போன நல்லவர்களுக்கும்.

அட்லாண்டாவில் நடந்தது இதன் உச்சம். மதிப்பெண் ஏறாவிட்டால் வேலை போகும் என்ற நெருக்கடியில், ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்தார்கள். 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு என்றது. 178 பேர் பெயர் அடிபட்டது. அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைவர் 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருது வாங்கியவர். நமக்கும் சொந்த அனுபவம் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போடவைத்த 'பிராய்லர்' பள்ளிகள். அதைத் தடுக்கத்தான் 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக்கொள்கை அதை எடுத்துவிட்டது. நோய் போய்விட்டதா என்று தெரிவதற்குள் மருந்தை நிறுத்தியிருக்கிறோம்.

*

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? இதைச் சொன்னபோது அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டாம்னு சொல்றது ஈசிப்பா. எங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷம் கணக்கு டீச்சர் இல்ல. யாரு கேட்டாங்க? ரிசல்ட்ல கடைசிக்கு வந்தோம், அப்புறந்தான் ஆளப் போட்டாங்க. லிஸ்ட்டு இல்லைன்னா நாங்க இருக்கறதே மெட்ராஸ்ல தெரியாது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. ஒப்பிடாவிட்டால் அநியாயம் கண்ணில் படாது. வட மாவட்டங்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தங்கி நிற்கின்றன என்பதே ஒப்பிட்டதால்தான் நமக்குத் தெரியும். ஒப்பிடுவதே பாவம் என்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பீட்டால் நஷ்டப்படக்கூடிய இடத்தில் இருப்பவர்கள்.

ஆனால் அத்தை சொன்னதைக் கவனியுங்கள். அவர் பள்ளிக்குப் பட்டியல் நல்லது செய்தது, அதில் கடைசியாக வந்ததால். கடைசி என்பது அங்கே 'இங்கே முதலில் வா' என்ற அழைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் யாருக்குக் காய்ச்சல் அதிகம் என்று பார்ப்பதும் ஒப்பீடுதான். ஆனால் காய்ச்சல் குறைவாக உள்ளவருக்கு அங்கே யாரும் மாலை போடுவதில்லை. அதே வெப்பமானியைப் பந்தயமாக மாற்றினால் என்ன ஆகும்? நோயாளியைச் சேர்த்துக்கொள்ளாத ஆஸ்பத்திரிதான் ஜெயிக்கும்.

ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதிய நீதிக்கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வு நியாயமா என்று பார்க்க மிகக் கீழே இருப்பவரின் நிலையிலிருந்து பார்க்கச் சொன்னார். மாவட்டப் பட்டியலுக்கு அதைப் பொருத்தினால், அரியலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட, காஞ்சிபுரத்துக்குள்ளேயே எழுதியவருக்கும் எழுத வராதவருக்கும் இடையிலான வித்தியாசம்தான் பெரிய கேள்வியாகும்.

எங்கள் தொகுதியின் பெயருக்குக் காரணமான உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறை. ஜனநாயகத்தின் பழமை என்று மேடைதோறும் பேசுகிறோம். அதில் பெருமைப்படக் காரணம் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்று எழுதியவர்கள் அவர்கள். ஆனால் குடத்தில் பெயர் விழ வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். எடுக்கும் சிறுவனின் கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், குடத்தில் போடாத பெயர் அந்தக் கையில் வரப்போவதில்லை. நம் தேர்வுத்துறையும் நேர்மையாகத்தான் எண்ணுகிறது. குடத்தில் யாரைப் போட்டோம் என்பதுதான் விஷயம்.

இதைச் சரிசெய்வது தொழில்நுட்ப ரீதியாகக் கஷ்டமும் அல்ல. என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாணவரும் எமிஸ் தரவுத்தளத்தில் தனி எண்ணோடு இருக்கிறார். பகுதியில் 'தேர்வு எழுதியவர்கள்' என்பதற்குப் பதில் 'இந்தப் பிள்ளைகளோடு ஒன்பதாவதில் இருந்தவர்கள்' என்று போட வேண்டும். ஊர் மாறியவர்களையும் வேறு படிப்புக்குப் போனவர்களையும் மட்டும் எமிஸ் எண்ணைவைத்துக் கழிக்கலாம். முன்பு சொன்ன பள்ளியில் அப்போது 45-க்கு 38, அதாவது 84. நவம்பரில் வந்து நிற்கும் பையனைச் சேர்த்து அவன் தேறினால் 86-ஐத் தாண்டும். தோற்றால் 84 அப்படியே இருக்கும். அவனைச் சேர்ப்பதால் எண் குறையவே வழி இல்லை. அவனைத் தேடிப்போவது பள்ளிக்கே லாபம். அதே தலைமையாசிரியர், அதே பையன். ஒரு கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை மாற்றியதும் இருவருக்கும் இடையிலான உறவே மாறிவிடுகிறது.

எல்லா மாவட்டங்களின் விழுக்காடும் அன்று சட்டென்று இறங்கும். எந்த அமைச்சருக்கும் அதை அறிவிக்கப் பிடிக்காது. நமக்கும் கேட்கப் பிடிக்காது. 94 என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

மகளை எங்கே சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும் போனேன், பத்துக் கிலோமீட்டர் தள்ளி, வாசலில் பேனர் கட்டிய தனியார் பள்ளிக்கும் போனேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "போன வருஷம் எத்தனை பிள்ளைங்க பாதியில நின்னாங்க?" தனியார் பள்ளியில், "எங்ககிட்ட அந்தப் பிரச்சினையே இல்ல சார்" என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியை கொஞ்சம் தயங்கிவிட்டு, "மூணு பேர். ரெண்டு பேர் சூளைக்காரங்க புள்ளைங்க, சீசன் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு பொண்ணு இங்கதான் இருக்கா, தம்பியைப் பாத்துக்க நின்னுட்டா. நாலு தடவை வீட்டுக்குப் போயிருக்கேன். ஜூன்ல வரேன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

மகளுக்கான விண்ணப்பத்தை அங்கேயே பூர்த்தி செய்தேன்.